நாங்கள் எங்களைத் திட்டிக்கொள்வதை நீங்கள் நிறுத்தலாம்: உடற்பயிற்சி சொல்லித்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தருபவர்கள், விடியற்காலையில் ஓட்டக் குழுவை நடத்துபவர்கள், பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருப்பவர்கள், வீடியோவில் "இன்னும் பத்து, இன்னும் அஞ்சு" என்று எண்ணுபவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். உங்களிடம் பயிற்சிக்கு வந்துபோகும் பெரிய கூட்டத்தில் ஒருவராக எழுதுகிறேன். குறை சொல்லும் எண்ணம் இல்லை. எங்கள் மனசுக்குள் நடக்கும் ஒரு காரியத்தில் உங்கள் உதவி வேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறீர்கள். முதுகு வளைந்தால் தட்டி நிமிர்த்துகிறீர்கள். மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று சொல்லித்தருகிறீர்கள். அதே நேரத்தில் எங்கள் மண்டைக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. "உனக்கெல்லாம் இது ஒரு கேடா?" "பக்கத்துல இருக்கிறவனைப் பாரு, நீயும் இருக்கியே." "இதுகூட முடியலைன்னா நீ எதுக்குத்தான் லாயக்கு?" வாய்விட்டுச் சொல்லாததால் இது உங்கள் காதில் விழுவதில்லை, அதனால் இதை யாரும் திருத்துவதும் இல்லை. ஆர்வமாகச் சேர்ந்த ஒருவர் சில வாரங்களில் வராமல் போய்விட்டால் வேலைப்பளு, முட்டி வலி, நேரமின்மை என்று காரணம் சொல்வார். பல பேர் விஷயத்தில் உண்மையான காரணம் இந்தப் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மணி நேரம் தன்னிடமே வசவு வாங்கிக்கொள்ள யார்தான் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்?

எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும். நான் போகும் இடத்தில் ஒருவர் வந்துகொண்டிருந்தார், நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஏறுவதற்கு முன் காலணியைக் கழற்றுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். சாவியை எடுத்துக் கீழே வைப்பார். எண் நின்றதும் இறங்கி, இயந்திரத்தைக் காலால் லேசாக நகர்த்திவிட்டு மறுபடி ஏறுவார். ஒருநாள் இரண்டு தடவையும் ஒரே எண், முந்தின வாரத்தைவிட முக்கால் கிலோ கூட. தன்னையே பார்த்து முணுமுணுத்தார்: "ரெண்டு வாரமா வந்து என்னத்தக் கிழிச்சே? நீ உருப்படவே மாட்டே." அந்த வழியாக வந்த பயிற்சியாளர், தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னக்கா, ஏறிடுச்சா? ஞாயித்துக்கிழமை வெளுத்துக் கட்டிட்டீங்க போல!" அந்த அக்காவும் சிரித்தார். பிறகு டிரெட்மில்லில் வழக்கத்தைவிட வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் சில நாள்தான் வந்தார்.

அந்த முக்கால் கிலோ எங்கிருந்து வந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசைகள், உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனைக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். பழக்கமில்லாத பயிற்சியால் தசை இழைகளில் நுண்ணிய காயம் உண்டாகும், அதை ஆற்றுவதற்காக உடல் அந்த இடத்தில் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்ளும். முந்தின நாள் சாப்பாட்டில் உப்பு கூடினாலும் எடை கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் கூடும். ஒரே ஆளின் எடை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்குவதெல்லாம் சாதாரணம். கொழுப்பு அப்படி ஏறாது. ஒரு கிலோ உடல்கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கிலோகலோரி உபரியாக வேண்டும். முக்கால் கிலோவுக்கு ஏறக்குறைய 5,800. அன்றாடத் தேவை போக அவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உள்ளே தள்ளுவது நடக்கிற காரியமா?

அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்ததெல்லாம் இவ்வளவுதான்: "அக்கா, இது தண்ணி எடை. புதுசா ஆரம்பிக்கிற நிறைய பேருக்கு வரும். நாலு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம், அதுவரைக்கும் இதுல ஏறாதீங்க." சொல்வதற்குப் பத்து விநாடி. அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பார். அடுத்த முறை எண் கூடும்போது, நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், "இது தண்ணி எடை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

மண்டைக்குள் ஓடும் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வேர்விட்டுவிடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்த வீடு, கடைசியாக ஓடிவந்தவனைப் பார்த்துச் சிரித்த வகுப்பு, தாமதமாக வந்ததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பள்ளி என்று அதற்குப் பல ஊற்றுக்கண்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியர்களிடம் இதைத் தனியாகவே சொல்ல வேண்டும்: ஓட்டத்தையும் உட்கார்ந்தெழுவதையும் தண்டனையாகக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். ஓடுவது தண்டனை என்று பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, முப்பது வயதில் ஓட வரும்போதும் தப்பு செய்தவன் மாதிரித்தான் ஓடும்.

ஆனால் அந்தப் பேச்சுக்குத் தீனி போடுவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்த்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு நிற்கும்போது காதில் விழும் சொல் நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு மறந்துபோன "என்ன சார், தூங்கிட்டீங்களா?" எங்களுக்கு மறப்பதில்லை. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் அது உங்கள் குரலிலேயே கேட்கிறது. உங்கள் நல்ல சொல்லும் அதே வழியில்தான் உள்ளே போகும் என்பதால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

"கண்டிப்பு இல்லைன்னா யார் சார் வேலை செய்வாங்க? செல்லம் கொடுத்தா உட்கார்ந்துடுவாங்களே" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் கண்டிப்பான பயிற்சியாளரைத்தான் பிடிக்கும். நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். முதுகு வளைந்தால் செட்டை, அதாவது அந்தச் சுற்றை, நிறுத்துங்கள். பாதி தூரம் இறங்கிவிட்டு ஒரு ரெப், அதாவது ஒரு தடவை முழுசாகச் செய்தாயிற்று, என்று கணக்குக் காட்டினால் அதை எண்ணாதீர்கள். "முட்டி உள்ளே சாயுது, வெளியே தள்ளுங்க" என்பது கண்டிப்பு. அதில் திருத்திக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது, அடுத்த ரெப்பிலேயே திருத்திவிடலாம். "உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்பதைக் கேட்டவர் எதைத் திருத்துவார்? மூளையையா, பிறப்பையா?

செல்லம் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்களா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செய்த சில பரிசோதனைகளை 2012-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றில் மாணவர்களுக்குக் கடினமான ஒரு சொல்வளத் தேர்வு வைத்தார்கள். தேர்வு முடிந்ததும் ஒரு குழுவிடம், இது நிறைய பேருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், உங்களை நீங்களே ரொம்பக் கடிந்துகொள்ள வேண்டாம் என்ற பொருளில் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்கிறீர்கள் என்றாலே நீங்கள் புத்திசாலிதான் என்று தட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டபோது, மற்ற இரண்டு குழுவையும்விட அதிக நேரம் படித்தது முதல் குழுதான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு ஆய்வு 2010-இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைத் தள்ளிய மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயமே இல்லை. வசவு வெளியிலிருந்து வந்தாலும் தனக்குள்ளிருந்தே வந்தாலும் நம் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது என்று விளக்குகிறார் பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். ஆபத்து வந்தால் எந்த உயிரும் முதலில் தப்பிக்கத்தான் பார்க்கும். உங்கள் ஃபோனை எடுக்காமல் இருப்பது, ஜிம் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவது, கட்டிய சந்தா போனால் போகட்டும் என்று விடுவது எல்லாம் தப்பித்தல்தான். உங்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. எங்களுக்கும் அப்படியே தெரிவதால், அதற்கும் சேர்த்து நாங்கள் எங்களைத் திட்டிக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் கேட்பது புகழ்ச்சியை அல்ல. ஒவ்வொரு ரெப்புக்கும் "செம்ம, கலக்குறீங்க, சூப்பர்" என்று சொல்வதை நாங்கள் சீக்கிரமே நம்பாமல் போய்விடுவோம். பெர்க்லி பரிசோதனையில் "நீ புத்திசாலி" என்று சொல்லப்பட்ட குழு முந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் தலைமையில் 2009-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களை "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, அதைச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகத்தான் ஆனது. நம்ப முடியாத நல்ல சொல்லைச் சொல்லும்போது உள்ளே இருக்கும் குரல் உடனே எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்து "நான் அழகு, நான் பலசாலி" என்று சொல்லச் சொல்லும் வகுப்புகளில் சிலர் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

அப்படியானால் எது எடுபடும்? கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-இல் தன்பரிவு பற்றி எழுதியபோது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார். தவறும்போது தன்னிடம் கனிவாக இருப்பது. இது எனக்கு மட்டும் நேர்வதில்லை, மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் நேர்வது என்று உணர்வது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி பார்ப்பது. மூன்றாவதுதான் பயிற்சிக்கூடத்தில் அதிகம் உதவும் என்பது என் கருத்து, ஏனென்றால் உங்களிடம் எண்கள் இருக்கின்றன. "என்னால முடியாது சார்" என்று ஒருவர் சொன்னால், "முடியும், முடியும்" என்று கத்துவதைவிட, நோட்டைத் திறந்து காட்டுங்கள்: "போன மாசம் இதே எடைல ஆறு அடிச்சீங்க, இன்னைக்கு எட்டு." அதை மறுத்துப் பேச எங்கள் மனக்குரலுக்கு வழியே இல்லை.

முதல் சில வாரங்களைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லிவையுங்கள். ஆரம்பத்தில் தூக்கும் எடை கூடுவதற்குப் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதே காரணம், தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது அதற்குப் பிறகுதான். இது தெரியாதவர் கண்ணாடியைப் பார்த்து "ஒரு மாசமா ஒண்ணுமே மாறலை" என்று தன்னையே கரித்துக்கொட்டுவார். தெரிந்தவர் "நரம்பு கத்துக்குது, சதை பின்னால வரும்" என்பார். கண்ணாடியில் தெரியும் உடம்பு இருவருக்கும் ஒன்றுதான்.

தன்னிடம் பேசுவது என்பதும் ஒரு திறமைதான், முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் பயிற்சி மாதிரி பழகப் பழக வரும். ஆந்தனி பிளாஞ்ச்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 24 பேரை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில், இனி ஒரு மிதிகூட முடியாது என்ற நிலை வரும்வரை மிதிக்கச் சொன்னார்கள். பிறகு அவர்களில் ஒரு பிரிவினர், களைப்பு ஏறும்போது தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளச் சில வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகினார்கள். மறுபடி மிதித்தபோது அவர்களுடைய சராசரி நேரம் 637 விநாடியிலிருந்து 751 விநாடிக்கு உயர்ந்தது, ஏறக்குறைய 18 சதவீதம். பழகாதவர்களிடம் அந்த உயர்வு இல்லை. பேசிப் பழகியவர்களுக்கு அதே மிதி முன்பைவிடக் குறைந்த சிரமமாகவும் தோன்றியது. இரண்டே வாரத்தில், ஒரு பைசா உபகரணம் இல்லாமல், சொல் மட்டும் செய்த வேலை இது. புரதப் பொடிக்கும் கையுறைக்கும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லும் இடங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

என்ன வாக்கியம் என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் ஒரு திசை காட்டினால் போதும். கடைசி ரெப்புகளில் "மெதுவா, மூச்சை விடு, இன்னும் ஒண்ணு" என்று வேலையைச் சொல்லும் பேச்சு உதவும். நுணுக்கமான அசைவு பழகும்போது "முட்டி வெளியே, நெஞ்சு மேலே" என்பது போன்ற பேச்சு இன்னும் உதவும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014-இல் காட்டிய வழி ஒன்றும் இருக்கிறது. பிறர் முன்னால் பேச வேண்டிய பதற்றமான நேரத்தில், "நான்" என்று தொடங்காமல் தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசிக்கொண்டவர்கள் குறைவாகத் தவித்தார்கள், பேச்சும் மேலாக அமைந்தது, முடிந்த பிறகு அதையே நினைத்து மறுகவும் இல்லை. "நான் ஏன் இப்படி இருக்கேன்" என்று தொடங்கினால் அது செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில்தான் சுற்றும். "செல்வி, இன்னைக்கு மூணு செட் முடிச்சிருக்கே, நாலாவது பண்ணலாமா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும்போது, கூட ஒரு ஆள் நின்று கேட்பது போல இருக்கிறது. பெயர் மட்டும் மந்திரமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெயரைச் சொல்லியே திட்டிக்கொள்ளவும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம்: விட்டுப்போன நாட்கள்.

காய்ச்சல், வேலை, வீட்டில் ஒரு சாவு, அல்லது காரணமே சொல்லத் தெரியாத ஒரு மந்தம். ஒருவர் மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் மண்டைக்குள் ஒரு நீதிமன்றமே நடக்கிறது. வழக்கறிஞரும் அவரே, நீதிபதியும் அவரே, தீர்ப்பும் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் உங்களிடமிருந்து வருவது பெரும்பாலும் இது: "என்ன சார், ஆளையே காணோம்? வழி தெரிஞ்சுதா?" பாசத்தில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் தீர்ப்பை உறுதிசெய்யும் மேல்நீதிமன்றத்தின் சொல் மாதிரி அது விழுகிறது. உடனே அவர் பிராயச்சித்தத்தில் இறங்குவார். மூன்று வாரத்துக்கு முன் தூக்கிய அதே எடையை எடுப்பார், விட்டதையெல்லாம் அன்றைக்கே பிடிக்கப் பார்ப்பார். மறுநாள் படியில் இறங்க முடியாமல் கிடப்பார். இதைவிட மோசமாகவும் போகலாம். இடைவெளிக்குப் பிறகு ஒரேயடியாகக் கடுமையான பயிற்சியில் இறங்குபவர்களுக்குத் தசை இழைகள் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ரேப்டோமயோலிசிஸ் வரும் ஆபத்து உண்டு. சிறுநீர் கறுத்துப் போனால் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை அது. குற்றவுணர்ச்சியோடு எடை தூக்குபவரை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது பாதுகாப்புப் பிரச்சினையும்தான்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடிய உண்மைகள் எல்லாமே ஆறுதலானவை. இரண்டு மூன்று வாரம் நின்றதால் தசையின் வலிமை பெரிதாகப் போய்விடாது. மூச்சு கொஞ்சம் வாங்கும், அது திரும்பிவிடும். முன்பு பயிற்சி செய்த உடல், முதல்முறை எடுத்துக்கொண்டதைவிட வேகமாகவே மீளும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு, ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊற எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தார்கள். 2010-இல் அச்சான அந்த ஆய்வின் கணக்குப்படி ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது, நடுமதிப்பு 66 நாள். இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற சேலஞ்சுகளில் தோற்றுப்போனவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. விட்ட நாளைவிட, விட்டுவிட்டேனே என்று மறுகி அடுத்த நாளையும் விடுவதில்தான் பெரிய நஷ்டம்.

ஆகவே வாசலில் நிற்பவரிடம், "வாங்க வாங்க, நல்ல வேளை வந்தீங்க. இன்னைக்குப் பாதி எடை போதும், உடம்பு தானா ஞாபகப்படுத்திக்கும்" என்று சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்று பிறகு, தனியாக, அக்கறையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பத்து நிமிடம்தான் நடக்க முடிந்தது என்று வெட்கப்படுபவர்களுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபோது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. எவ்வளவு செய்தாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்றும் சொன்னது. 2022 நிலவரப்படி உலகில் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், ஏறக்குறைய 180 கோடிப் பேர், அந்த அளவை எட்டவில்லை. இவ்வளவு பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது. தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்பவர்கள் அதில் எத்தனை கோடி இருப்பார்கள் என்று நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

இந்தக் குரல் ஜிம்மோடு நிற்பதும் இல்லை. உட்கார்ந்தெழும் ஸ்குவாட் பயிற்சியில் தன்னைத் திட்டிக்கொள்பவர், அலுவலகத்தில் ஒரு மெயிலைத் தப்பாக அனுப்பிவிட்டாலும் அதே சொற்களால் திட்டிக்கொள்கிறார். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும்போது பொறுமை போனால், இரவு படுக்கையில் அதே வழக்கு விசாரணைக்கு வருகிறது. நல்ல விஷயம், பழகியதும் இப்படித்தான் பரவுகிறது. செட்டுக்கு நடுவில் "ஆறு வந்துச்சு, பரவாயில்லை, எங்கே தவறுச்சுன்னு பார்ப்போம்" என்று சொல்லப் பழகிய ஒரு நண்பர், வேலைக்கான நேர்முகத் தேர்வில் தேறாமல் வெளியே வந்தபோதும் ஏறக்குறைய அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். அவருக்கு அதைச் சொல்லித்தந்தது எந்த மனநல வகுப்பும் இல்லை. டம்பெல்லைக் கையில் கொடுத்த அவருடைய பயிற்சியாளர்தான்.

சிலருடைய குரல் உங்கள் எல்லையைத் தாண்டியது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சாப்பாட்டைத் தொடவே பயப்படுகிறவர், சாப்பிட்டதற்குத் தண்டனையாக மணிக்கணக்கில் ஓடுகிறவர், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறவர் கண்ணில் பட்டால், நல்ல வார்த்தை மட்டும் போதாது. கைப்பிடித்து மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அனுப்பிவைக்க வேண்டும். அவரை முதலில் கவனிக்கும் ஆள் நீங்களாகவே இருக்கக்கூடும்.

உங்களுக்கும் இந்தக் குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உடம்புதான் உங்கள் விளம்பரப் பலகை என்று ஊரே பார்க்கிறது. தோள்பட்டையில் அடிபட்டு இரண்டு மாதம் எடை தூக்க முடியாதபோது, வயிற்றில் ஒரு மடிப்பு விழுந்தபோது, போட்டியில் தோற்றபோது உங்களை நீங்கள் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. உங்களுக்குப் பயிற்சி தந்தவர்கள் அப்படித்தான் பேசியிருப்பார்கள், அதையே நீங்கள் எங்களுக்குக் கொடுக்கிறீர்கள். உங்களிடமும் யாராவது கொஞ்சம் கனிவாகப் பேசியிருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

சில காரியங்களை உடனே செய்ய முடியும். சேர்க்கைப் படிவத்தில் உயரம், எடை, பழைய காயம் எல்லாம் கேட்கிறீர்கள். இதற்கு முன் எங்காவது சேர்ந்து நிறுத்தினீர்களா, அப்போது உங்களைப் பற்றி நீங்களே என்ன நினைத்தீர்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். பதிலைப் படித்தால், இந்த ஆளிடம் எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். எடை இயந்திரத்தை எல்லார் கண்ணிலும் படும் இடத்திலிருந்து உள்ளே எடுத்துப்போட்டுவிடுங்கள். சாக்குப்போக்கு சொல்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சுவரில் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றுங்கள். அப்படி எழுதிய சுவரைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

கடைசியாக, நீங்கள் சான்றிதழ் வாங்கும் பயிற்சி வகுப்புகளில் உடற்கூறு இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, முதலுதவி இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர் தன்னிடம் என்ன பேசிக்கொள்கிறார் என்பதற்கும் அதில் ஒரு பாடவேளை ஒதுக்கச் சொல்லி, அந்த வகுப்புகளை நடத்துபவர்களிடம் கேளுங்கள். அந்த வகுப்புக்கு எங்களையும் கூப்பிடுங்கள். எடை கூடியவர், பாதியில் நிறுத்தியவர், கடைசியாக ஓடி முடித்தவர், மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் என்று எங்களில் சிலர் வந்து, எங்கள் மண்டைக்குள் ஓடுவதை உங்கள் முன்னால் வாய்விட்டே சொல்லத் தயாராக இருக்கிறோம். தேதியும் நேரமும் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் பயிற்சிக்கு வருபவர்களில் ஒருவர்